அப்பா போய் நான்கு மாதங்கள்: துக்கம் அம்மாவின் உடம்பை என்ன செய்கிறது?

கொக்குவில் மகள்:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் களத்தை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதற்தடவை.

என் அப்பா மாசி மாதத்தில் ஓர் இரவு நித்திரையிலேயே காலமானார். அவருக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. எட்டுச்செலவுக்கு வந்த உறவினர்கள் புறப்பட்டுப் போன மறுநாட்காலை, அம்மா கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். வைத்தியசாலையில் இசிஜி எடுத்தபோது மாரடைப்பு என்றே கருதினார்கள். இரத்தப் பரிசோதனையும் அப்படியே காட்டியது. ஆனால் இதயக் குருதிக்குழாய்களுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்தபோது எந்த அடைப்பும் இருக்கவில்லை. இது துக்கத்தின் அதிர்ச்சியால் வந்தது என்றும், சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும் என்றும் வைத்தியர் சொன்னார். ஆறாம் வாரத்தில் எடுத்த ஸ்கானில் இதயம் சரியாகிவிட்டது. அம்மா சரியாகவில்லை.

இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை விறாந்தையில் இருக்கிறார். சாப்பாட்டில் பாதியை அப்படியே மூடி வைத்துவிடுகிறார். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவருக்கு இப்போது அளவு கூடிக்கொண்டே போகிறது. பின்னேரம் ஐந்து மணியளவில் ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால், தன்னை அறியாமலே எழுந்து படலைப்பக்கம் இரண்டடி நடந்துவிட்டு நின்றுவிடுகிறார். அப்பா கூப்பிடுகிற சத்தம் கேட்டதாக இரண்டு தடவை சொன்னார். ஆனால் செத்தவீட்டிலும் சரி, பிறகும் சரி, அவர் பெரிதாக அழவேயில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவருடைய மனத்திடத்தைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

மாமி, மனதைத் திடப்படுத்தச் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பி, நித்திரைக் குளிசை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறான். துக்கம் உடம்புக்குள் எப்படி இவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதையும், எது இயல்பு, எது வருத்தம் என்பதையும் அறிந்தவர்கள் எழுதினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

தாதியம்32:

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன். இதய நோய் விடுதியில் பல வருடங்கள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு வந்ததைப் பெரும்பாலும் தாக்கோட்சுபோ என்று அழைப்பார்கள். 1990 இல் ஜப்பானிய வைத்தியர்கள் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். தாக்கோட்சுபோ என்பது அங்கே கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒக்டோபசைப் பிடிக்கப் பயன்படுத்தும், கழுத்து ஒடுங்கி அடி அகன்ற ஒரு பானை. பெரும் அதிர்ச்சியின்போது இரத்தத்தில் அதிரினலினும் அதன் இன ஓமோன்களும் வெள்ளம்போல் கலக்கின்றன. அவற்றால் இடது இதயவறையின் அடிமுனை சுருங்க முடியாமல் ஊதிப்போகும்போது, இதயம் படத்தில் அந்தப் பானையைப் போலத் தெரிகிறது. நோயாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அவர்களிலும் பெரும்பான்மையோர் மாதவிடாய் நின்றவர்கள். நெஞ்சு நோ, இசிஜி மாற்றம், இதயத் தசை சேதமடையும்போது இரத்தத்தில் கலக்கும் புரதத்தின் உயர்வு ஆகிய எல்லாமே மாரடைப்பை ஒத்திருக்கும், அடைப்பு மட்டும் இருக்காது. அநேகருக்குச் சில வாரங்களில் இதயம் மீண்டுவிடும். ஆனாலும் சிலருக்குத் தொடக்க நாட்களில் உயிராபத்து உண்டு, சிலருக்குத் திரும்பவும் வருவதுண்டு. எனவே வைத்தியரின் தொடர் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

எல்லா நெஞ்சு நோவையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2012 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மாரடைப்பு வந்து பிழைத்த ஏறத்தாழ 2000 பேரை விசாரித்தது. நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணித்தியாலத்தில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு வழமையைவிட 21 மடங்கு உயர்ந்திருந்ததையும், பின்வந்த நாட்களில் அது படிப்படியாகக் குறைந்ததையும் அது கண்டறிந்தது. அதற்கும் முன்பே, 1969 இல் பிரித்தானியாவில் மனைவியை இழந்த 55 வயதைக் கடந்த 4486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், முதல் ஆறு மாதங்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை எதிர்பார்க்கப்பட்டதைவிட 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. "அவர் போய் ஆறு மாதத்தில் இவரும் போய்விட்டார்" என்று நம் ஊரில் சொல்வதை வெறும் பேச்சு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

விடுதியில் நான் திரும்பத் திரும்பக் கண்டது வேறொன்று. செத்தவீட்டில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுக்க ஒருவர் இருப்பார், பந்தலுக்கு ஒருவர் இருப்பார், பறைக்குச் சொல்ல ஒருவர் இருப்பார். துணையை இழந்தவர் தன்னுடைய பிரஷர் குளிசையைப் போட்டாரா, தண்ணீர் குடித்தாரா என்று பார்க்க மட்டும் ஒருவரும் இருக்கமாட்டார். இரண்டு மூன்று நாள் குளிசை இல்லை, நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. அதன்மேல் ஓமோன்களின் தாக்கம். அந்த நாட்களில் நெஞ்சு இறுகினாலோ, மூச்சு வாங்கினாலோ, கை கடுத்தாலோ, கவலையால் வருகிறது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்காமல் உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

சீனி கூடுவதற்கும் காரணம் உண்டு. கோர்ட்டிசோல் என்ற ஓமோன் ஈரலிலிருந்து சீனியை வெளியேற்றுவதோடு, இன்சுலின் செய்யும் வேலையையும் மந்தமாக்குகிறது. ஆதலால் அம்மா குறைவாகச் சாப்பிட்டும் சீனி ஏறலாம். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கிளினிக்கில் இந்த இழப்பைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

உடுப்பிட்டி ஆசிரியர்:

உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது, மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு அம்மா எழுந்து நடக்கும் அந்த இரண்டடிதான்.

நெருங்கிய ஒருவர் எங்கே இருப்பார், எப்போது வருவார், எவ்வளவு நெருக்கமானவர் என்பதை மூளை வருடக்கணக்காகக் கற்று, நாம் நினைக்காமலே பயன்படுத்தும் அறிவாகச் சேர்த்து வைத்திருக்கிறது. ஐந்து மணி, ஒழுங்கை, இயந்திரச் சத்தம் மூன்றும் சேர்ந்தால் அவர் வருகிறார் என்பது பல்லாயிரம் மாலைகளில் உறுதிப்பட்ட எதிர்பார்ப்பு. அப்பா இறந்துவிட்டார் என்பதோ ஒரே ஒரு நாளின் நினைவு. துக்கத்தை மூளைப் படங்களின் வழியாக ஆராய்ந்துவரும் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் மேரி பிரான்சிஸ் ஓ'கானர், இந்த இரண்டு அறிவுகளும் ஒன்றோடொன்று மோதுவதையே துக்கத்தின் மையமாகக் காண்கிறார். துக்கத்தை அவர் ஒருவகைக் கற்றல் என்கிறார். கற்றலுக்கு நாட்கள் வேண்டும், அனுபவங்கள் திரும்பத் திரும்ப நிகழவும் வேண்டும். அம்மா எழுந்து, அவர் வரவில்லை என்று கண்டு, திரும்பி வந்து அமரும் ஒவ்வொரு மாலையிலும் அந்தப் பாடம் சிறிது நடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரியலாம், எனக்கு அது உழைப்பாகத் தெரிகிறது. அந்த உழைப்புத்தான் அவரை அவ்வளவு களைக்க வைக்கிறது.

2008 இல் அவருடைய குழு, தாயையோ சகோதரியையோ மார்புப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண்களின் மூளையை ஸ்கான் செய்தது. இறந்தவரின் படத்தைக் காட்டியபோது வலியோடு தொடர்புள்ள பகுதிகள் எல்லோருக்கும் தொழிற்பட்டன. துக்கம் தணியாமல் நீண்டவர்களுக்கு மட்டும், நாம் ஒன்றை நாடிப்போகும்போது தொழிற்படும் நியூக்கிளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியும் தொழிற்பட்டது. ஏக்கம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்கு அதுவும் கூடியிருந்தது. ஆய்வுக்குட்பட்டவர்கள் சிலரே என்பதால் இதை ஒரு தடயமாகவே கொள்கிறேன்.

உடம்பின் பக்கம் தாதி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மூளையின் பரிவகக்கீழிலிருந்து கபச்சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினல் சுரப்பிக்கும் செல்லும் கட்டளைத் தொடர் ஆபத்து நேரத்தில் முடுக்கிவிடப்படுவது. துக்கத்தில் அது வாரக்கணக்கில் முழுமையாகத் தணிவதில்லை. அதனால் நித்திரை உடைகிறது, பசி மங்குகிறது, நோய் எதிர்ப்பும் தளர்கிறது. 1977 இல் அவுஸ்திரேலியாவில், துணையை இழந்த 26 பேரின் இரத்தத்தில் வெண்குருதிக் கலங்களின் செயற்பாடு சில வாரங்களில் குன்றியிருந்ததைக் காட்டினார்கள்.

அப்பாவின் குரல் கேட்டதைப் பற்றி அஞ்ச வேண்டாம். வேல்ஸ் நாட்டு வைத்தியர் டெவி ரீஸ் 1971 இல் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டபோது, ஏறக்குறைய அரைவாசிப்பேர் இறந்தவரின் அருகாமையை உணர்ந்ததாகவோ, கண்டதாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். அவர்களிற் பலர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. அம்மா உங்களிடம் சொன்னாரே, அது நல்லது.

வடலி:

ஆசிரியர் ஐயா சொன்னதை வாசித்தபோது, நம்முடைய முப்பத்தொரு நாட்களின் பொருள் எனக்குப் புதிதாக விளங்கியது. சுண்ணம் இடித்தல், வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தல், காடாற்று, எட்டுச்செலவு, கீரிமலையில் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம் என்று, "அவர் இல்லை" என்ற ஒன்றையே நம் வழக்கம் கைகளால் செய்ய வைத்துச் சொல்லிக்கொண்டே வருகிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டு வருகிறார்கள். துடக்கு என்று வேலைக்கும் விழாவுக்கும் போகாமல் இருக்க அனுமதி கிடைக்கிறது. நம் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போருக்குப் பிந்திய உளநலப் பணியில் இத்தகைய சடங்குகளுக்கும் சமூக உறவுக்கும் இடம் வேண்டும் என்று நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார்.

இப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளின் விமானத் திகதிக்கு ஏற்ப எல்லாவற்றையும் ஒரு கிழமைக்குள் அடக்கிவிடுகிறோம். இறந்தவரின் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகம் அச்சகத்திலிருந்து வரும்போது அதைக் கையில் வாங்கி வாசிக்க வீட்டில் ஆட்களே இருப்பதில்லை. இதை நான் மிகுந்த மனவருத்தத்தோடு சொல்கிறேன். ஒப்பாரியும் போய்விட்டது. உங்கள் அம்மா அழாமல் இருந்ததைப் புகழ்ந்தவர்கள், அவருக்குப் பெரிய கெடுதல் செய்துவிட்டார்கள்.

பனிநாட்டான்:

வடலி அண்ணா, அந்த விமானத் திகதிக்காரர்களில் நானும் ஒருவன். அம்மாவின் செத்தவீட்டை டொரன்டோவில் அதிகாலை மூன்று மணிக்குக் கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்த்தேன். விசாத் தாள்கள் முடியாததால் வர இயலவில்லை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனேன். இரண்டு வருடங்களாகியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் இலக்கத்துக்குக் கை தானாகப் போகிறது. ஆசிரியர் ஐயா சொன்ன பாடம் எனக்குத் தொடங்கவே இல்லை என்று இன்றுதான் உணர்கிறேன். இந்த ஆடியில் ஊருக்கு வருகிறேன்.

நிலவரசி:

மரபின் நன்மையை மறுக்கவில்லை. ஆனால் அதே முப்பத்தொரு நாட்களில் ஒரு பெண்ணுக்கு நடப்பதையும் இந்த இழையில் பதிய வேண்டும். என் கணவர் இறந்தபோது எனக்கு 38 வயது. பொட்டை அழித்தார்கள், பூவை எடுத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள். அழுவதற்கு எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் அந்த ஒரு மணித்தியாலந்தான். பிறகு வந்த கலியாண வீடுகளில், ஆலாத்தித் தட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அந்த இரவுகளில் எனக்கு வந்த படபடப்பும் வயிற்று எரிவும் இழப்பால் மட்டும் வந்தவை அல்ல என்பதை என் உடம்பு அறியும். தனிமைப்படுத்தப்பட்டவரின் உடம்பும் ஆபத்தில் இருக்கும் உடம்பாகவே நடந்துகொள்கிறது.

ஆகவே கொக்குவில் மகளிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவைக் கடைசியாக ஒரு நல்ல காரியத்துக்கு யார் முறையாக அழைத்தார்கள்? அப்படி ஒருவரும் அழைக்கவில்லை என்றால், அவருடைய நித்திரையின்மைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உடுப்பிட்டி ஆசிரியர்:

நிலவரசி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வடலி தம்பியின் கடைசிக் கூற்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அழாதவர் எல்லோரும் துக்கத்தை உள்ளே பூட்டி வைத்தவர் என்பதற்கும், அழுதால்தான் ஆறும் என்பதற்கும் ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. சிலர் அழுதும் ஆறுவதில்லை, சிலர் அழாமலே ஆறிவிடுகிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைச் சொல்வார்களே, எலிசபெத் கூப்ளர் ரோஸ் 1969 இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளர்களைக் கண்டு. இழந்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டாக அதைக் கொள்வது பொருத்தமன்று.

எனக்கு நம்பகமாகத் தெரிவது, நெதர்லாந்தின் ஊத்ரெக்ட் நகரில் ஸ்ட்ரோப, ஸ்கட் என்ற இருவர் 1999 இல் முன்வைத்த விளக்கம். துக்கத்தில் இருப்பவர் ஒருநேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார். இன்னொரு நேரம் மின்கட்டணம், சந்தை, பேரப்பிள்ளை என்று வாழ்வின் பக்கம் திரும்புகிறார். இந்தப் போக்குவரத்துத்தான் ஆரோக்கியம் என்கிறார்கள். செத்தவீட்டுப் பந்தலில் சிரிப்பொலி கேட்டால் முகம் சுழிப்பவர்கள் நம்மில் உண்டு. அந்தச் சிரிப்பு உடம்புக்கு ஓர் இளைப்பாறல்.

தாதியம்32:

தம்பி கேட்ட நித்திரைக் குளிசையைப் பற்றி: மிகச் சில நாட்களுக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வயதானவர்கள் மாதக்கணக்கில் எடுத்தால் இரவில் தடுக்கி விழுவதும், மறதியும், குளிசை இல்லாமல் உறங்க முடியாத நிலையும் வரும். துக்கத்தை அந்தக் குளிசை ஆற்றாது. கடையில் தானாக வாங்கிக் கொடுப்பதை அறவே தவிர்க்கவும்.

எது வருத்தம் என்ற கேள்விக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 11 ஆவது நோய் வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. நீடித்த துக்கம் என்பதை அது தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. இறந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கமும் நினைவும் இடைவிடாமல் ஆட்கொண்டு, அவருடைய சமூக வழக்கத்தில் எதிர்பார்க்கப்படும் அளவையும் மீறி, அன்றாட வாழ்வை முடக்கினால் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்க உளமருத்துவ வகைப்பாடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. இயல்பான மரணங்களில் இழந்தவர்கள் பத்துப்பேரில் ஒருவருக்கு இது நேரலாம் என்று 2017 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தார்கள். உங்கள் அம்மாவுக்கு நான்கு மாதங்களே ஆகின்றன, எனவே இப்போதே அந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். ஆனால் உடம்பு மெலிந்துகொண்டே போனாலோ, தானும் போய்விட்டால் நல்லது என்று சொன்னாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, சாந்திகம் என்ற நிறுவனத்தில் உளவளத்துணை கிடைக்கிறது. தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

நீடித்த துக்கத்துக்கென்றே அமெரிக்காவில் கதரின் ஷியர் உருவாக்கிய ஒரு சிகிச்சை உண்டு, ஏறத்தாழ 16 அமர்வுகள். இறந்த நேரத்தின் கதையை இழந்தவர் வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்வதும், ஒதுக்கி வைத்த இடங்களுக்கும் பொருட்களுக்கும் மெதுவாகத் திரும்பிச் செல்வதும், தனக்கென ஒரு நாட்டத்தை மீண்டும் தேடிக்கொள்வதும் அதன் பகுதிகள். 2016 இல் வெளியான அவருடைய ஆய்வில், மனச்சோர்வுக் குளிசை கூடுதலாகச் சேர்த்தபோது சோர்வு குறைந்தது, துக்கத்தின் ஏக்கம் அந்தக் குளிசையால் மேலும் குறையவில்லை. ஏக்கத்தைக் குறைத்தது அந்தப் பேச்சுத்தான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. காலை வெளிச்சத்தில் சிறிது தூரம் நடக்கட்டும், ஒரே நேரத்தில் எழும்பட்டும். தட்டை முன்னால் வைத்துவிட்டு நீங்கள் போகாமல், கூட இருந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

கடலோரம்:

குருநகர்ப் பக்கம். எங்களுடைய வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் திருப்பலி உண்டு, கார்த்திகை இரண்டாம் நாள் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவோம். ஆனால் என் அண்ணனுக்கு அவை எதுவும் நடக்கவில்லை. 1996 இல் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்து, இப்படிப்பட்ட இழப்புக்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் பெயர் கொடுத்தார். ஆசிரியர் சொன்ன பாடத்தை எங்கள் அம்மா கற்க மறுத்தார். அப்படிக் கற்பது மகனைத் தானே கொல்வதற்குச் சமம் என்று நினைத்தார். இறந்தார் என்று எழுதாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016 இல் சட்டமானபோது, அதற்கும் கையெழுத்து வைக்கவில்லை. 2017 மாசியில் கிளிநொச்சி வீதியோரத்தில் காணாமற்போனவர்களின் தாய்மார் போராட்டத்துக்கு அமர்ந்தபோது, முழங்கால் வீங்கிய நிலையிலும் பஸ் ஏறிப் போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். அன்றிரவு விடியும்வரை நித்திரை கொண்டார். அதை நான் கண்ணால் கண்டேன். பதில் எதுவும் கிடைத்து வந்த நித்திரை அல்ல அது. அதே கேள்வியோடு வாழும் நூறு பேரின் நடுவில் ஒரு பகல் முழுவதும் இருந்ததால் வந்தது.

கொக்குவில் அக்கா, அம்மாவை அவரைப் போல் துணையை இழந்த இன்னொருவரோடு இருக்க விடுங்கள். மகளிடம் சொல்ல முடியாத சிலவற்றை அங்கே சொல்வார்.

கொக்குவில் மகள்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. நிலவரசி அக்கா கேட்ட கேள்விக்கு, ஒருவரும் அழைக்கவில்லை என்பதே விடை. அடுத்த மாதம் பெரியம்மாவின் பேத்திக்குப் பிறந்தநாள். பெரியம்மா நேரில் வந்து அம்மாவை அழைத்துவிட்டுப் போனார். நான்தான் சொல்லி அனுப்பினேன். அம்மா இன்னும் விடை சொல்லவில்லை.

ஒழுங்கையின் முடிவில் இருக்கும் ஓர் அம்மா, மூன்று வருடங்களுக்கு முன் கணவரை இழந்தவர், இப்போது பின்னேரங்களில் வந்து விறாந்தையில் இருக்கிறார். இருவரும் அதிகம் பேசுவதில்லை, கீரை ஆய்கிறார்கள். போன வியாழக்கிழமை அவர் போன பிறகு, அம்மா தானாகவே அப்பாவின் கடைசி இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தாதி அக்கா எழுதியது நினைவில் இருந்ததால் நான் இடைமறிக்கவில்லை. இரவு இரண்டு மணியளவில் அப்பா ஒருமுறை செருமியிருக்கிறார். அம்மா கேட்டிருக்கிறார், மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அப்போதே எழுப்பியிருந்தால் அவர் இருந்திருப்பார் என்பதைத்தான் நான்கு மாதங்களாக ஒவ்வொரு இரவும் இரண்டு மணிக்கு எழும்பி யோசித்திருக்கிறார். எங்கள் யாருக்கும் அது தெரியாது. சொல்லி முடித்தபோது அழுதார். பிறகு பசிக்கிறது என்றார், இருவரும் பாண் சாப்பிட்டோம்.

நித்திரை இன்னும் சீராகவில்லை. நேற்று நான்கு மணிவரை உறங்கினார், முந்தாநாள் பழையபடி இரண்டு மணிக்கே விழித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை கிளினிக். அந்தச் செருமலைப் பற்றி வைத்தியரிடம் நான் கேட்கிறேன் என்றேன். நீ பேசாமல் இரு, அதை நானே கேட்கிறேன் என்றார்.